மாற்றலுக்குப் பணம் கொடுப்பது சரி, திரும்பி வரும் தேதியை யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளியூர் மாற்றலுக்கு ஊழியர்களைச் சம்மதிக்கவைக்க ஊக்கத்தொகை தரலாமா என்று சில நாட்களாக உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் வாதம் நடக்கிறது. தாராளமாகக் கொடுங்கள் என்கிறார் ஒருவர். சம்பளம் வாங்குகிறவர் சொன்ன ஊருக்குப் போகத்தானே வேண்டும், அதற்கெதற்குத் தனிக் காசு என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே ஒரு மாற்றல் பயணப்படி பில்லைக் கையில் வைத்துக் கூட்டிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் பில் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆர்டர் வந்த அன்று ஒருவர் முகம் எப்படி இருக்கும், லாரி ரசீதை நீட்டிக்கொண்டு பில் போட வரும்போது எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. அடிப்படைச் சம்பளம் 49,000 ரூபாய் வாங்கும் ஒருவர் சென்னையில் இருக்கிறார், அவருக்குக் குவாஹாட்டிக்கு மாற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மாநிலங்களுக்கு மாற்றலாகிப் போகும் மத்திய அரசு ஊழியருக்குச் சிறப்புப் பணிப்படி என்று அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் உண்டு. மாதம் 4,900 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்தது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதிலிருந்து சென்னை மாதிரி எக்ஸ் பிரிவு நகரங்களுக்கு 30 சதவீதம், ஒய் பிரிவுக்கு 20, இசட் பிரிவுக்கு 10. குவாஹாட்டி ஒய் பிரிவு. சென்னையில் 14,700 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர் அங்கே போனால் 9,800 வாங்குவார். குறைவது எவ்வளவு? அதே 4,900. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்தாகிவிட்டது. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. போக்குவரத்துப்படிக்கென்று 19 பெருநகரங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் சென்னை உண்டு, கோயம்புத்தூர்கூட உண்டு, குவாஹாட்டி கிடையாது. அவருடைய நிலையில் 3,600 ரூபாயாக இருந்தது 1,800 ஆகிவிடும், அதன் மேல் வரும் அகவிலைப்படியும் பாதியாகும். ஆக, ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு போகிறவர் சென்னையில் வாங்கியதைவிடக் குறைவாக வாங்குகிறார். இதை முதல் மாதச் சம்பளச் சீட்டில் பார்த்துவிட்டு போன் போட்டு, “சார், ஏதோ தப்பா பில் போட்டிருக்காங்க போல” என்று கேட்டவர்கள் உண்டு. தப்பு ஒன்றும் இல்லை, விதிப்படி சரியாகத்தான் போட்டிருப்பார்கள்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அது இன்னும் வேடிக்கை. வடகிழக்குக்குப் போகிறவர் குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டுப் போனால் பழைய ஊரின் வாடகைப்படியைத் தொடர்ந்து வாங்கலாம், அரசுக் குடியிருப்பில் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான், பிள்ளைகள் படிப்புக் கெடாமல் இருக்க எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியது, நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு நஷ்டம், தனியாகப் போய் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு நாள் எண்ணுகிறவருக்கு லாபம். அப்புறம் அவர் அந்த ஊரில் மனம் ஒட்டி வேலை பார்க்கவில்லை என்று குறை சொன்னால் எப்படி?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூட்டை முடிச்சோடு போகும் செலவுக்கு அரசு கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 7-வது ஊதியக்குழுவுக்குப் பிறகு 2017 ஜூலையிலிருந்து, மாற்றல் மானியமாகக் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மொத்தமாகக் கிடைக்கிறது. அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு என்றால் முழுச் சம்பளம். நாம் சொன்ன 49,000 ரூபாய்க்காரருக்கு 39,200. இதற்கு ரசீது கேட்பதில்லை, அதுவே பெரிய நிம்மதி. லாரி செலவு தனி. அதில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல். சம்பள அடுக்கில் ஆறாம் நிலையிலும் அதற்கு மேலும் இருக்கிறவருக்கு 6,000 கிலோ வரை, கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று 2017-ல் வைத்தார்கள். ஐந்தாம் நிலைக்கு 3,000 கிலோ, 25 ரூபாய். நான்காம் நிலையும் அதற்குக் கீழும் 1,500 கிலோ, 15 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறினால் இந்த விகிதம் 25 சதவீதம் ஏறும் என்று விதி, அதன்படி இப்போது கடைசி விகிதம் 18 ரூபாய் 75 காசு. லாரிக்காரர் ஏற்றப்போவது ஒரு பீரோ, ஒரு கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பாத்திர மூட்டை, இட்லிக் குண்டான், கிரைண்டர். எழுத்தர் வீட்டிலும் அதுதான், அதிகாரி வீட்டிலும் பெரும்பாலும் அதுதான். சின்ன சம்பளக்காரர் வீட்டுச் சாமான் என்பதால் டீசல் விலை குறைந்துவிடுமா? பங்கு லாரியில் போட்டு அனுப்பி, பத்து நாள் கழித்து வந்து சேர்ந்து, கிரைண்டர் கல்லில் ஒரு பக்கம் உடைந்துபோய் வந்ததை எல்லாம் கேட்டிருக்கிறேன். உடைந்த கல்லுக்கு எந்தப் படியும் கிடையாது.

சரி, அரசை விடுங்கள், தனியார் கம்பெனிகள் இதைவிடத் தாராளம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் தங்கை மகன் கதையைக் கேளுங்கள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, புனேவுக்குப் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் ‘ரீலொகேஷன் போனஸ்’ என்றார்கள். மாமா, ஜாக்பாட் என்றான். சம்பளத்தோடு சேர்த்துப் போட்டார்கள், 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து 46,800 ரூபாய் பிடித்தம் போக 1,03,200 கைக்கு வந்தது. வீட்டு அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், முதல் மாதம் சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று அது கரைந்துபோக ரொம்ப நாள் ஆகவில்லை. ஓராண்டு முடியும் முன்னே அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, சென்னைக்கே திரும்பக் கேட்டான், இடமில்லை என்றார்கள், வேறு வழியில்லாமல் ராஜினாமா செய்தான். கடைசிக் கணக்கு முடிக்கும்போது ஒன்றரை லட்சத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வந்தது ஒரு லட்சத்துச் சொச்சம், திருப்பியது ஒன்றரை லட்சம். வரியாகப் போன பணம் போன நிதியாண்டுக் கணக்கு, அதை இனி எங்கே போய்க் கேட்பது என்று அலைகிறான். ஆஃபர் லெட்டரில் பத்தாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததாம். சட்டப்படி அவர்கள் செய்தது சரியாகவே இருக்கட்டும். இதற்கு ஊக்கத்தொகை என்று பெயரா? என் கணக்கில் இது கடன், அதுவும் வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பிக் கட்டும் கடன்.

இளைஞர்களுக்கு உபயோகமாக ஒன்று. மாற்றலுக்கான பயணச் செலவு, சாமான் கட்டும் செலவு, லாரி வாடகை இவற்றுக்காகக் கொடுக்கும் தொகைக்கு, உண்மையில் செலவழித்த அளவுக்கு வருமான வரி கிடையாது. புதிய வரி முறையிலும் இந்தச் சலுகை தொடர்கிறது, வீட்டு வாடகைப்படிக்கான விலக்குதான் அதில் இல்லை. ஆனால் அதே பணத்தை ‘போனஸ்’ என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தால் அது சம்பளம், வரி முழுசாக விழும். ஆகவே ஹெச்.ஆர். ஆள் பெரிய தொகையைச் சொல்லும்போது வாயைப் பிளக்காமல், இதில் எவ்வளவை பில்லுக்கு எதிராகக் கொடுப்பீர்கள், விலகினால் வரி போக மீதியைத் திருப்பினால் போதுமா, மாதத்துக்கு மாதம் அது குறையுமா என்று கேளுங்கள். கேட்பவனை யாரும் வேலையை விட்டு அனுப்பிவிட மாட்டார்கள்.

திருப்பிக் கேட்கும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. ஜப்பானில் டோக்கியோவில் கூட்டம் குறைய வேண்டும் என்று 2019 முதல் வெளியூர்களுக்குக் குடிபெயர்ந்து வேலை பார்க்கும் குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரை தருகிறார்கள், தனி ஆளுக்கு 6 லட்சம். 2023-ல் குழந்தை ஒன்றுக்குக் கூடுதலாகத் தருவதை 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் யென்னாக உயர்த்தினார்கள். மூன்று ஆண்டுக்குள் ஊரை விட்டுப் போனால் முழுத் தொகையும் திருப்ப வேண்டும், ஐந்து ஆண்டுக்குள் என்றால் பாதி. அவர்கள் நோக்கம் வேறு, ஆள் அங்கேயே வேர் விட வேண்டும் என்பது, அதனால் இந்த நிபந்தனையைப் புரிந்துகொள்ளலாம். ஒரு கம்பெனி தன் வசதிக்காக ஓர் ஊழியரைப் புனேவுக்கு அனுப்பிவிட்டு அதே நிபந்தனை போடுவதுதான் எனக்கு விளங்கவில்லை. அனுப்பியது நீங்கள்தானே?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வடகிழக்குக்கு ஆள் போக மாட்டேன் என்கிறார்களே என்று மத்திய அரசு ஒரு குழு போட்டு, அதன் பேரில் 1983 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டது. பழைய ஆட்கள் அந்த உத்தரவை வரி வரியாகச் சொல்வார்கள். அதில் பணம் இருந்தது, அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம், ஆனால் மாதம் 400 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு. அந்த 400 ரூபாய்க்காக யாரும் பெட்டி கட்டவில்லை. அதே உத்தரவில் வேறு சில வரிகள் இருந்தன. பத்து ஆண்டு வரை சர்வீஸ் உள்ளவருக்கு மூன்று ஆண்டு, அதற்கு மேல் சர்வீஸ் உள்ளவருக்கு இரண்டே ஆண்டு, முடிந்ததும் கூடியவரை அவர் கேட்கும் ஊர். அங்கே நன்றாக வேலை பார்த்ததை ரகசியக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், டெபுடேஷனுக்கும் வெளிநாட்டுப் பயிற்சிக்கும் அதற்கு எடை கொடுக்க வேண்டும். குடும்பத்தைப் பார்க்க வர விடுப்புப் பயணச் சலுகை, பிள்ளைகளின் ஹாஸ்டலுக்கு மானியம். இதைப் படித்துத்தான் ஆட்கள் போனார்கள். ரெண்டே வருஷம், முடிஞ்சதும் திருச்சிக்கே வந்துடலாம் என்று வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்கினார்கள். ஒரு மனிதன் தன் வீட்டம்மாவிடம் சொல்ல முடிகிற கெடு அது. பணம் அதற்கு அடுத்துத்தான்.

ஆனால் அந்த இரண்டு ஆண்டு நடைமுறையில் இரண்டு ஆண்டாக இருந்ததா? அங்கேதான் எல்லாம் சொதப்பியது. கெடு முடிந்து திரும்பும் ஆர்டரும் வந்துவிடும், ஆனால் அவர் இடத்துக்குப் போக வேண்டியவர் மெடிக்கல் லீவ் போட்டிருப்பார், அல்லது யாரையாவது பிடித்து ஆர்டரை ரத்து செய்திருப்பார். “ரிலீவர் வரட்டும், அப்புறம் போங்க.” இந்த ஒரு வாக்கியத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களின் கடிதங்களை நான் ஃபைலில் கோத்திருக்கிறேன். மகளுக்குப் பரீட்சை, அம்மாவுக்கு ஆபரேஷன், தயவுசெய்து விடுவிக்கவும் என்று. இதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்க்கிற இளைஞன் அடுத்த முறை தன் பெயர் வந்தால் என்ன செய்வான்? அவனும் மெடிக்கல் லீவ்தான் போடுவான். பத்து சதவீதத்தை இருபது ஆக்கினாலும் போடுவான்.

இன்னொரு சங்கடமும் உண்டு, அதை எழுதுகிறவர்கள் குறைவு. யாருக்கு ஊக்கத்தொகை? வெளியிலிருந்து வருகிறவருக்கா, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே வேலை பார்ப்பவருக்கும் உண்டா? 1994-ல் உச்ச நீதிமன்றம் வெளியிலிருந்து மாற்றலாகி வருகிறவருக்கே அந்த வடகிழக்குப் படி, நியமன ஆணையில் இந்தியா முழுதும் மாற்றத்தக்க பணி என்று ஒரு வரி இருப்பதால் மட்டும் உள்ளூர்க்காரருக்குக் கிடைக்காது என்று தீர்ப்புச் சொன்னது. அதுவரை கொடுத்ததைத் திருப்பிப் பிடிக்க வேண்டாம் என்றும் சொன்னது, அது பெரிய மனசு. தீர்ப்பு சரிதான், இடம் மாறுவதற்கான படியை இடம் மாறாதவர் கேட்க முடியாது. ஆனால் ஒரே அறையில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் மாதாமாதம் கூடுதல் பணம் என்றால் டீ குடிக்கும் நேரத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெளியூர்க்காரருக்கு அந்த ஊரில் ஒத்தாசை செய்ய வேண்டியவரே அந்த உள்ளூர்க்காரர்தானே.

பணமே இல்லாமல் ஆளை மலையேற்றிய ஒரு திட்டம் நம்மிடமே இருக்கிறது. அரசு டாக்டர்கள். மலைப் பகுதி, எட்டாத கிராமம், கடினமான இடம் என்று வகுத்த ஊர்களில் வேலை பார்த்தால் முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் மதிப்பெண்ணில் ஓராண்டுக்கு 10 சதவீதம் வீதம், அதிகபட்சம் 30 சதவீதம் வரை கூடுதல் மதிப்பெண். மருத்துவக் கவுன்சிலின் விதியிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்களுக்கென முதுநிலையில் பாதி இடங்கள் இருந்த காலத்தில் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. 2016 ஆகஸ்டில் உத்தரப்பிரதேச வழக்கு ஒன்றில், முதுநிலைப் பட்டப் படிப்பில் தனி ஒதுக்கீடு கூடாது, கூடுதல் மதிப்பெண்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு அந்த ஒதுக்கீடு ஆட்டம் கண்டது, 2017-ல் எந்த ஊர் கடினம், எந்த ஊர் எளிது என்று கோர்ட்டுக்குப் போகும் அளவுக்குச் சண்டை. 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் போட்ட வழக்கில், அரசுப் பணி டாக்டர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று தீர்த்துவைத்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்த 30 சதவீத உச்சவரம்பை. ஆண்டுக்குப் பத்து, அதிகபட்சம் முப்பது. அப்படியானால் மூன்றே ஆண்டு. நான்காவது ஆண்டுக்கு எதுவும் இல்லை. விதி எழுதியவர் நினைத்து எழுதினாரோ இல்லையோ, கெடு அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஓர் இளம் டாக்டர் ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரும்போதே, இத்தனை வருஷம், முடிந்ததும் எம்.டி. என்று அவருக்குத் தெரியும். மலைக்காரர்களுக்கு டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார், அது குறைதான், பேர் பழகுவதற்குள் ஆள் மாறிவிடும். ஆனால் நாற்காலி காலியாகக் கிடப்பதைவிட மேல். உலக சுகாதார நிறுவனமும் கிராமப்புறத்தில் மருத்துவப் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி 2010-ல் பரிந்துரைகள் வெளியிட்டு 2021-ல் புதுப்பித்தது. படிப்பு, விதிமுறை, பணம், வாழ்க்கை வசதி நாலும் சேர்ந்து வந்தால்தான் பலன், தனித்தனியாகப் பிய்த்துக் கொடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். இதைக் கண்டுபிடிக்க ஜெனிவாவுக்குப் போக வேண்டியதில்லை, எங்கள் பில் செக்‌ஷன் பியூன் சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேந்திரிய வித்யாலயா ஏன் வந்தது என்று இன்றைக்குப் பலருக்கு ஞாபகம் இல்லை. மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காகவே 1962 நவம்பரில் ஒப்புதல் கொடுத்து, அடுத்த ஆண்டு படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். அப்பாவுக்கு மாற்றல் என்றால் ஒரு பள்ளியில் டிசி வாங்கி அடுத்த ஊர்ப் பள்ளியில் ஆண்டு நடுவிலும் சேர்க்கலாம், அதே பாடம், அதே புத்தகம். அந்தப் பள்ளிகளைப் பற்றி நம் ஊரில் வேறு விமர்சனங்கள் இருக்கின்றன, எனக்கும் உண்டு, அது வேறு கடிதம். ஆனால் மாற்றலுக்குச் சம்மதிக்கவைத்ததில் எந்தப் படியும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தனியார் கம்பெனிக்காரர் பிள்ளை நவம்பரில் ஊர் மாறினால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், எவ்வளவு கேட்கும் என்று பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்.

வீடும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம், செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். தென் மாவட்டத்திலிருந்தும் வட மாவட்டத்திலிருந்தும் ஃபோன் தொழிற்சாலைக்கு வரும் பெண்ணின் வீட்டார் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்று இல்லை, எங்கே தங்குவாய் என்றுதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விடுதியில் என்ன சாப்பாடு, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூங்க முடிகிறதா என்பதெல்லாம் தொடர்ந்து பார்க்க வேண்டிய சங்கதி, கட்டடம் திறந்ததோடு கைதட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. இருந்தாலும் பணத்தைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்பேன். இதோடு ஒப்பிட, 2024 பிப்ரவரி தமிழ்நாடு பட்ஜெட்டில், உலகளாவிய திறன் மையங்கள் என்கிற பன்னாட்டு நிறுவனங்களின் இங்குள்ள அலுவலகங்களுக்கு, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் தரும் வேலைகளுக்காக முதல் ஆண்டு 30, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் சம்பள மானியம் என்று அறிவித்தார்கள். வேலை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேலைக்காக ஊர் மாறி வருகிறவர் கையில் அதில் ஒரு ரூபாயாவது போய்ச் சேரும்படி ஒரு நிபந்தனை வைத்திருக்கலாம்.

வண்டி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மாற்றலானவர்கள் என்னைத் திட்டுவார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இங்கே ஆயுள் வரி கட்டியாச்சு, அங்கே மறுபடி கட்ட வேண்டும், இங்கே கட்டியதில் மீதியைத் திரும்ப வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் பி.ஹெச். என்ற எழுத்துகள் வரும் பாரத் வரிசை எண் கொண்டுவந்தார்கள், அரசு ஊழியர்களுக்கும், நாலு மாநிலத்திலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும், இரண்டிரண்டு ஆண்டுக்கு வரி கட்டினால் போதும் என்று. நல்ல யோசனை. இந்த மாதிரிச் சின்னத் தலைவலிகளைத் தீர்ப்பதும் ஊக்கத்தொகைதான், ஆனால் எந்த ஹெச்.ஆர். பிரசுரத்திலும் அது வராது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. என் காலத்தில் ஆர்டர் வந்தால் வீடே கிளம்பும். இன்றைக்கு ஒருவர் கிளம்பினால் இன்னொருவர் வேலையை விட வேண்டும், விடுகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் 40,000 சம்பாதிக்கும் மனைவி வேலையை விட்டால் ஆண்டுக்கு 4,80,000 போச்சு, அதற்கு முன்னால் ஒன்றரை லட்சம் போனஸ் எம்மாத்திரம்? கணவன் மனைவியைக் கூடியவரை ஒரே ஊரில் போட வேண்டும் என்று 2009 செப்டம்பரில் மத்தியப் பணியாளர் துறை வழிகாட்டுதல்களைத் தொகுத்து வெளியிட்டது. இரண்டு பேரும் அரசில் இருந்தால் அந்தக் காகிதத்தை மனுவோடு இணைக்கவாவது முடியும். தனியாரில் அந்தக் காகிதமும் இல்லை. ஊழியரை இடம் மாற்றுகிற கம்பெனி அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ அந்த ஊரில் வேலை தேடித்தர ஒரு நேர்காணலையாவது ஏற்பாடு செய்தால் அதன் மதிப்பு எந்த போனஸுக்கும் மேல்.

8-வது ஊதியக்குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைந்திருக்கிறது. சங்கங்கள் எல்லாம் பழைய சம்பளத்தை எத்தனையால் பெருக்கிப் புதுச் சம்பளம் போடுவது என்கிற ஃபிட்மெண்ட் காரணியைப் பற்றித்தான் பேசுகின்றன, அது இருக்கட்டும். மாற்றல் பற்றி மனுக் கொடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள் என்று சங்கத்தில் இருக்கும் பழைய நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். வாடகைப்படி குறைவதைச் சிறப்புப் பணிப்படி ஈடுகட்டிக்கொண்டு நிற்காமல் அதற்கு மேல் இருக்க வேண்டும், குடும்பத்தோடு போகிறவருக்கு அதிகமாக. லாரி விகிதத்தில் பெரிய சம்பளம் சின்ன சம்பளம் பார்க்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். மாற்றல் ஆணையிலேயே திரும்பும் மாதமும் ஆண்டும் அச்சாக வேண்டும். அந்த மாதம் தாண்டியும் விடுவிக்கவில்லை என்றால் அடுத்த நாளிலிருந்து அவருடைய சிறப்புப் பணிப்படி இரண்டு மடங்கு, அடுத்த ஆறு மாதத்தில் மூன்று மடங்கு, அந்தப் பணம் அவரை விடுவிக்காத அலுவலகத்தின் பட்ஜெட்டிலிருந்து. அப்போது பாருங்கள், ரிலீவர் எங்கிருந்தாவது கிடைத்துவிடுவார். தனியார் கம்பெனிகளும் இதைச் செய்யலாம், ஒப்பந்தத்தில் ஊழியர் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதும் அதே பக்கத்தில், சொன்ன தேதியில் திரும்ப அழைக்காவிட்டால் கம்பெனி என்ன கட்டும் என்றும் எழுதட்டும்.

கடிதம் நீளம் என்று உங்களுக்குத் தோன்றும். ஜப்பான் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், வண்டிப் பத்தியையும் வேண்டுமானால் வெட்டுங்கள், அந்த இரண்டு மடங்கு யோசனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்,
திருச்சி